கிறிஸ்டின் டீச்சரின் இஞ்சின் படகு

எனக்குக் கடல் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே முப்பத்தெட்டு வருடமாகக் குஷன் கடை நடத்தி, கார் இருக்கைக்கும் லோரி இருக்கைக்கும் உறை தைத்துப் பிழைக்கிறவன் நான். நீச்சல் தெரியாது. புலாவ் கெத்தாமுக்குப் போகிற பயணிகள் படகில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். இப்படிப்பட்ட சுகுமாறனுக்குத்தான் கிறிஸ்டின் மனைவியாக வாய்த்தாள். வாய்த்தாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். தேடி வந்து பிடித்தவள் அவள்தான்.

கிறிஸ்டின் பிரிக்பீல்ட்ஸ் பெண். அப்பா ரயில் ஓட்டுநர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத குடும்பம். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து வந்தவள், தன் பழைய நிசானுக்கு இருக்கை உறை மாற்ற என் கடைக்குள் நுழைந்தாள். இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்க வந்தவள் குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இந்தத் தையல் கோணலா இருக்கு” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “எங்க கோணல்? ஸ்கேல் கொண்டாங்க பாப்போம்” என்றேன்.

கைப்பையைத் திறந்து நிஜமாகவே ஒரு ஸ்கேலை எடுத்தாள். கோணல்தான். மூன்று தடவை பிரித்துத் தைக்க வைத்தாள். நான்காவது தடவை தையலில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் வந்தாள். அண்ணே என்று கூப்பிட்டவளையே கட்டிக்கொண்டான் என்று என் கூட்டாளிகள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

எங்கள் மகன் நைஜல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, போர்ட் டிக்சனில் ஆசிரியர்களுக்கு ஒரு விடுமுறை முகாம் நடந்தது. அங்கேதான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். முகாமுக்குப் போனவள் ஒருத்தி, திரும்பி வந்தவள் இன்னொருத்தி. முகமெல்லாம் கறுத்து, உள்ளங்கையெல்லாம் கொப்புளம், ஆனால் கல்யாணத்தன்று கூட நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. அடுத்த வருடமே ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிட்டாள். துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு சின்ன ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், அதைக் கட்டி வைத்திருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அங்கேதான். இப்படி இருபத்திரண்டு வருடம்.

நான் என்ன செய்தேன்? ஜெட்டியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஜாகா வேலை பார்க்கிற பக்கிரிசாமி அண்ணன், தன் காவல் கொட்டகையில் எனக்கென்றே ஒரு நாற்காலியை ஒதுக்கிவிட்டார். மனுசன் கடலுக்குப் போகிற படகையும் பார்ப்பார், என்னையும் பார்ப்பார், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். ஒருமுறை சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று காற்று கிளம்பி, மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டியவள் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். “செம காத்து, சுகு!” என்று சிரிக்கிறாள்! அந்த ஐந்து மணி நேரம் நான் என்ன பாடுபட்டேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. ஆம்பிளை, பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

போன வருடம் அவளுடைய வலது தோள் போய்விட்டது. பாய்க் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர், தலைக்கு மேலே கையைத் தூக்கி எதையும் இழுக்கிற வேலை இனிமேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே வாடிய முகமும் உள்ளே பாயசம் குடித்த மனசுமாக அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாய்மரப் படகை ஒரு சின்ன வயசுத் தம்பதிக்கு விற்றாள். ஒவ்வொரு கயிறாகத் தொட்டு, இது எதற்கு, அது எதற்கு என்று அவர்களுக்கு விளக்கிக் கொடுத்தாள். படகு வளைவைத் தாண்டி மறையும்வரை நின்றாள். பிறகு, “வா, போலாம்” என்றாள். அவ்வளவுதான். எனக்கோ அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா இரண்டு மாதம் நீடித்தது. ஒரு சனிக்கிழமை காலை, “சுகு, வண்டிய எடு, செக்கிஞ்சான் வரைக்கும் ஒரு சாமான் பாக்கப் போவணும்” என்றாள். நெல்வயல் சூழ்ந்த ஊர், அரிசி வாங்கத்தான் என்று நினைத்து நானும் போனேன். ஓய்வு பெற்ற சீனப் பல் டாக்டர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் ஒரு படகு கிடந்தது. இருபத்தோரு அடி. வெள்ளை நிறம் மங்கி மஞ்சளாகியிருந்தது. முன்னால் இரண்டு பேர் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை, பின்னால் துருப்பிடித்த ஒரு இஞ்சின்.

“இது என்னா?” என்றேன்.

“போட்டு.”

“அது தெரியுது. டாக்டரு என்னா சொன்னாரு?”

“தலைக்கு மேல கையத் தூக்கி இழுக்கக்கூடாதுன்னு சொன்னாரு. ஸ்டியரிங் என்னா, தலைக்கு மேலயா இருக்கு?”

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளிடம் வாயைக் கொடுத்து ஜெயிக்க முடியுமா? அந்தப் படகு கிள்ளானுக்கு வந்து சேர்ந்தது.

அவளுடைய பாய்மரக் கூட்டாளிகள் சும்மா இருக்கவில்லை. “டீச்சர், பாயில்லாத போட்டு பஸ்ஸு மாதிரி லா” என்று ஒருவர் ஜெட்டியில் வைத்தே சொன்னார். “பஸ்ஸுல போறவனும் வூட்டுக்குத்தான் போறான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ஆனால் எனக்குத் தெரியும், உள்ளே அவளுக்கும் கொஞ்சம் உதறல்தான். பாய்மரப் படகுக்கு அடியில் ஆழமாக ஒரு பலகை இருக்கும், அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு அது கிடையாது. லேசாகக் காற்றடித்தாலும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். முதல் வாரமே ஜெட்டிப் பலகையில் இடித்து ஒன்றை உடைத்தாள். பக்கிரிசாமி அண்ணன் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து அவர் பாட்டுக்கு அடித்தார். மறுநாளிலிருந்து இவள் காலி எண்ணெய்ப் புட்டிகளைக் கயிற்றில் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, அவற்றுக்கு நடுவில் படகைக் கொண்டுபோய் நிறுத்திப் பழகினாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைத்த அதே கண்டிப்பு, இப்போது தனக்கே.

அப்புறம் ஆரம்பித்தது மேம்படுத்துகிற வேலை. பழைய இஞ்சினைக் கழற்றிப் புதுசு மாட்டினாள். மேலே நிழலுக்குக் கூரை, குடிதண்ணீர்த் தொட்டி, ஆழம் காட்டுகிற கருவி, கதவு போட்ட ஒரு குட்டிக் கழிவறை. நானும் விடுவேனா? குஷன் அத்தனையும் என் தையல். உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்குகிற துணியைத் தேடிப் பிடித்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். “பரவால்ல” என்றாள். அவள் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது நூற்றுக்கு நூறு.

ஒரு விஷயத்தில் மட்டும் சறுக்கினாள். பாய்மரப் படகில் அடியில் பாரம் இருக்க வேண்டும். அப்போதுதான் சாய்ந்தாலும் நிமிரும். அந்தப் பழக்கம் லேசில் போகுமா? தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி, உபரி நங்கூரம் எல்லாவற்றையும் பின்பக்கம் அடியில் இறக்கி வைத்துவிட்டாள். அங்கே ஏற்கெனவே இஞ்சின் பாரம் இருக்கிறது. முதல் ஓட்டத்திலேயே படகின் வால் தண்ணீருக்குள், மூக்கு வானத்தில். “என்னா டீச்சர், பிளேன் மாதிரி மேல ஏறப் போவுதா?” என்று பக்கிரிசாமி அண்ணன் கரையிலிருந்து கத்தினார். அவள் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒவ்வொரு சாமானையும் எடை போட்டு எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினாள். மூன்றாவது வாரம் படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு பறந்தது. கரையில் நின்ற நான் கைதட்டிவிட்டேன், கடல் பிடிக்காத நானே.

எல்லாவற்றையும் விட அவளுக்குப் பெருமை, அந்தப் படகின் மின்கம்பி வேலை. பழைய கம்பிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தானே படித்து, தானே புதுசாக இழுத்தாள். ஒவ்வொரு கம்பிக்கும் நம்பர் எழுதிச் சீட்டு ஒட்டினாள். அதில் முக்கியமானது ஒரு பம்பு. மழைத்தண்ணீர் படகின் அடிவயிற்றில் போய்ச் சேரும். அங்கே ஒரு சின்ன மிதவை வைத்திருந்தாள். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். ஸ்டியரிங் பக்கத்தில் அதற்கு மூன்று நிலை உள்ள சுவிட்ச்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். படகை விட்டு இறங்கும்போது அது ஆட்டோவில் இருக்க வேண்டும். ஆஃபில் இருந்தால் மழை வந்தாலும் பம்பு ஓடாது. மேனுவலில் தட்டினால் மிதவை எழும்பாவிட்டாலும் ஓடும்.

எல்லாம் முடிந்து பாதர் வந்து, தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு மெல்ல ஆரம்பித்தேன். “எங்க பக்கத்துக்கும் ஒண்ணு செஞ்சிரலாமா? புது வண்டின்னா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெப்பமே.”

“இதுக்கு டயர் எங்க இருக்கு?”

“உள்ளயாச்சும் ஒரு பழம் வெச்சுக்கலாம். கோயில்ல பூசை வெச்ச பழம்.”

“சுகு, உருள்ற சாமான் எதுவும் போட்டுல இருக்கக்கூடாது. அது என் ரூல். பழமும் கூடாது, பாட்டிலும் கூடாது. வூட்ல சாமி மேடையில வெச்சுக்க.”

எங்கள் வீட்டில் மாதா படமும் உண்டு, முருகன் படமும் உண்டு. அதில் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஆனால் படகில் அவள் ரூல்தான். சரி என்று தலையாட்டினேன். மனசு கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பெட்ரோல் வாங்கப் போன நேரத்தில், பூசை வைத்த பழத்தைப் பின் இருக்கைக் குஷனுக்கும் பலகைக்கும் நடுவில் நன்றாக அழுத்திச் செருகினேன். என் குஷன், என் தையல், அதன் பின்னாலிருந்து எதுவும் நழுவாது என்கிற திமிர். பழம் அங்கே இருக்கிற தெம்பில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கிறிஸ்டின் ராணி மாதிரி போய்வந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை. அப்புறம் நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிற நைஜல் எங்களோடு பசியாற வந்திருந்தான். ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கிற நேரம் பக்கிரிசாமி அண்ணன் போன் செய்தார். “தம்பி, டீச்சர் போட்டு தண்ணிக்குள்ள உக்காந்திருச்சு. ஒடனே வாங்க!”

நாங்கள் மூவரும் போய்ச் சேர்வதற்குள் அவர் படகில் ஏறி, சுவிட்சைத் தட்டிப் பம்பை ஓடவிட்டிருந்தார். பாதித் தண்ணீர் இறங்கியிருந்தது. குஷன்கள் ஊறிப்போய்க் கிடந்தன. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். கிறிஸ்டின் ஜெட்டியில் நின்று அவரிடம் கேட்டாள்.

“அண்ணே, சுவிட்ச் எதுல இருந்துச்சு? ஆட்டோவா, ஆஃபா?”

“பாக்கலியே டீச்சர். பதட்டத்துல சும்மா தட்டுனேன், ஓடிச்சு.”

நானும் நைஜலும் மூலையில் தேங்கிய தண்ணீரைக் குவளையால் அள்ளி வெளியே ஊற்றினோம். நான் பின்னால், அவன் முன்னால். அடிப்பலகையைத் தூக்கிவிட்டுப் பள்ளத்துக்குள் கையை விட்டேன். மிதவை தட்டுப்பட்டது. அதற்கும் மேலே இருக்கிற கட்டைக்கும் நடுவில் உருண்டையாக ஒன்று இறுகிக் கிடந்தது. இழுத்தேன். வந்தது.

என் எலுமிச்சம்பழம். மூன்று மாதத்தில் காய்ந்து கல்லாகியிருந்தது.

நழுவி, உருண்டு, பள்ளத்துக்குள் போய், மிதவை மேலே எழும்பாதபடி அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தண்ணீர் வற்றியதும் கிறிஸ்டின் இறங்கி வந்தாள். சுவிட்சை ஆட்டோவில் வைத்து, ஒரு வாளித் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றினாள். மிதவை எழும்பியது, பம்பு ஓடியது. இன்னொரு வாளி. மறுபடியும் ஓடியது. அவள் செய்த வேலையில் குறை இல்லை. அப்படியானால் குறை எங்கே? கொஞ்ச நேரம் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆஃப்ல வெச்சுட்டு எறங்கிட்டேன் போல” என்றாள்.

“மம்மி, அன்னிக்கு ஆட்டோல வெச்சது ஞாபகம் இருக்கா?” என்றான் நைஜல்.

“வெச்சேன்னுதான் நெனச்சேன்.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். நைஜல் முந்திக்கொண்டான். “போதும் மம்மி, போட்ட வித்துருங்க. டாடியும் பாவம், எத்தன வருசமாக் கரையில உக்காந்திருக்காரு.” கிறிஸ்டின் உடனே, “சரி” என்றாள். எதற்கும் உடனே சரி சொல்லாதவள். எனக்குள் ஒரு பேய் புகுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

காரில் வரும்போது மெதுவாகச் சொன்னாள். “எங்கம்மாவுக்கும் அறுவத்திரெண்டுலதான் ஆரம்பிச்சுச்சு, சுகு.”

அவளுக்கும் இப்போது அறுபத்திரண்டு வயது. அவளுடைய அம்மா முதலில் மறந்தது சூடான இஸ்திரிப் பெட்டியை. கடைசியில் மறந்தது கிறிஸ்டினை. நடுவில் ஒன்பது வருடம் இவள்தான் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டாள். அதையெல்லாம் கூட இருந்து பார்த்தவன் நான். “ச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றேன். சட்டைப்பையில் பழத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் மூன்று நாள் எனக்குச் சந்தோஷம்தான். மத்தியானம் கடையிலிருந்து வந்தால் மனைவி வீட்டில் இருக்கிறாள். சேர்ந்து சாப்பிடுகிறோம். மழை பெய்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. இதற்குத்தானே இத்தனை வருடம் ஆசைப்பட்டேன்?

நான்காம் நாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: கேஸ் மூடியாச்சா? மறுநாள் இன்னொன்று: இரும்புக் கதவு. அதற்கு மறுநாள் ஐந்தாறு சீட்டு, அவளுடைய அழகான கையெழுத்தில். மாத்திரை, தண்ணீர்க் குழாய், சாவி. கார்ச் சாவியை என்னிடம் கொடுத்து, “நீயே ஓட்டு” என்றாள். பாசாரில் மீன்காரன் கொடுத்த மீதிக்காசை மனக்கணக்காகச் சொல்கிறவள், கைப்பேசியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருமகள் ஷாமினியைப் பிடித்து, ஞாபகசக்தியைச் சோதிக்கிற டாக்டரிடம் நாள் வாங்க வைத்தாள். மாலையில் முன்வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பாள். என்ன பார்க்கிறாய் என்றால், “ஒண்ணுமில்ல” என்பாள். பேச்சே குறைந்துவிட்டது. நான் தைத்த உறைகளில் கோணல் இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை.

எத்தனை தடவை சொல்ல வாயெடுத்தேன் தெரியுமா? சொன்னால் திட்டுவாள் என்று பயந்து நான் பேசாமல் இருக்கவில்லை. திட்டு எனக்குப் பழகிப்போனது. சொன்னால் மறுபடியும் கடலுக்குப் போவாள். அதுதான் என் பயம். அந்தப் பயத்துக்காக ஒரு மனுசியை உள்ளுக்குள் உருகவிட்டேன். நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அந்த நாட்களில் அந்த நினைப்பும் போய்விட்டது.

பதினோராம் நாள் புதன்கிழமை. படகைப் பார்க்க அம்பாங்கிலிருந்து ஒருவர் பத்து மணிக்கு ஜெட்டிக்கு வருவதாக ஏற்பாடு. கிறிஸ்டின் பசியாறை முடித்து, படகுக் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தாள். கிளம்புகிற நேரத்தில் அடுப்படி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“சுகு, கேஸ மூடிட்டனான்னு கொஞ்சம் பாரேன். நான் பாத்தேன். ஆனா நான் பாத்ததா நம்ப முடியல.”

போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“கிறிஸ், நீ சுவிட்ச ஆட்டோலதான் வெச்சிருந்த.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“மிதவைய அடச்சுக்கிட்டு ஒரு எலுமிச்சம்பழம் கெடந்துச்சு. நான் குஷன் பின்னால சொருவி வெச்ச பழம். நழுவி உள்ள போயிருச்சு. அன்னிக்கே எடுத்துட்டேன். சொல்லல.”

அவள் என்னையே பார்த்தாள். கத்துவாள், கையில் இருப்பதைத் தூக்கி அடிப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

“நான் மறக்கல?” என்றாள்.

“மறக்கல.”

“நெசமாவா, சுகு? என்னத் தேத்தறதுக்காகச் சொல்லாத.”

“முருகன் சத்தியமா. நீ ஒண்ணுமே மறக்கல. தப்பு பூராவும் என்னுது.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுடைய அம்மா செத்தபோது கூட அப்படி அழுததில்லை. நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள். அழுது முடித்ததும் எழுந்து, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். கடைசிச் சீட்டைப் பிய்த்த பிறகுதான் திட்டு ஆரம்பித்தது. அடேயப்பா! தமிழ், மலாய், இங்கிலீஷ் என்று மூன்றிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் குஷனையும் விடவில்லை, என் திமிரையும் விடவில்லை. ரூல் என்று சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டபோது பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டார்.

பிறகு கைப்பேசியை எடுத்தாள். அம்பாங்காரரிடம், “சாரி பாஸ், போட்டு விக்கல” என்றாள். அடுத்து நைஜலைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, என் முன்னால் வைத்தாள். “நீயே சொல்லு.”

சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. “என்னா டாடி நீங்க” என்றான். அப்புறம், “மம்மி, சாரி மம்மி” என்றான். அவள், “பரவால்ல, நீ போயி வேலையப் பாரு” என்று வைத்துவிட்டாள்.

கார்ச் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஜெட்டிவரை அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். படகில் ஏறினாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இஞ்சினை முடுக்கி, பின்னால் எடுத்து, திருப்பி, ஆற்றின் வளைவைத் தாண்டிப் போய்விட்டாள். பக்கிரிசாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, சண்டையா?” என்றார். “சண்டை இல்லண்ணே, நான் வாங்குனேன், அவ குடுத்தா” என்றேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். அப்புறம் இஞ்சின் சத்தம் கேட்டது.

தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது, காற்றும் பக்கவாட்டில். அவள் ஜெட்டிக்குப் பத்தடி தள்ளி வந்து நிறுத்தினாள். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று இஞ்சினை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, அந்த இழுப்பிலும் படகை அசையாமல் பிடித்திருந்தாள். ஜெட்டியோடு சேர்க்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எதுக்குச் சொல்லாம இருந்த?” என்றாள்.

“பயந்துட்டேன், கிறிஸ்.”

“எதுக்குப் பயம்?”

“என்னிக்காச்சும் ஒருநாள் நீ போயிட்டுத் திரும்பி வரமாட்டியோன்னு. இருவத்திரெண்டு வருசமா அந்தப் பயம்தான்.”

இஞ்சின் டுபுடுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கை விடாமல் என்னையே பார்த்தாள்.

“இந்தப் பதினோரு நாளு நான் எங்கயும் போவல. வூட்லதான் இருந்தேன், ஒன் கண்ணு முன்னால. ஒருநாளாச்சும் நான் அங்க இருந்த மாதிரி இருந்துச்சா ஒனக்கு?”

பக்கிரிசாமி அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் பார்க்காமல், சத்தமாகவே சொன்னேன்.

“இல்ல, கிறிஸ். இல்லவே இல்ல.”

“அப்போ கயித்தப் புடி” என்று சொல்லி, நல்ல கையால் வீசினாள்.

பிடித்துக் கட்டினேன்.